வைத்த ஜன்னல் வைத்த இடத்தில்

ஓணம் லீவுக்கு அண்ணன் மகன் கொச்சியிலிருந்தும் தங்கச்சி மகள் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தார்கள். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. தேவிகுளத்து மழைக்கு விடுகிற எண்ணமே கிடையாது. அம்மாவின் எஸ்டேட் லயத்து வீட்டில், அடுப்படிக்கு முன்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையில், ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று லேப்டாப்பையும் திறந்துவைத்து உட்கார்ந்தோம். சீட்டுக்கட்டு ஒன்று கையில் இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

ஆரம்பித்து வைத்தவன் அண்ணன் மகன். நான் ஒரு மனுவைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தான். பிறகு முடியவில்லை.

“சித்தப்பா, ஒரு மனுவுக்கு எத்தனை தடவை இந்த ஜன்னலை ஒதுக்கி அந்த ஜன்னலை இழுப்பீங்க? விண்டோஸ்ல அந்த விண்டோஸ் பட்டனோட சேர்த்து இடது அம்பை அமுக்கினா பாதித் திரையில போய் ஒட்டிக்கும்.”

“அண்ணா, அது இந்த லினக்ஸ்லயும் உண்டு. அப்பாவுக்குத்தான் தெரியாது,” என்றாள் என் மகள். பத்தாம் வகுப்பு. மானம் போனது.

தங்கச்சி மகள் தன் மேக்கிலிருந்து தலையைத் தூக்கினாள். “பாதி பாதியா வெட்டி ஒட்டறதே தப்பு மாமா. மேஜை மேல பேப்பரைப் பரப்பி வச்ச மாதிரி கிடக்கட்டும். எது வேணுமோ அதை மேல எடுத்துக்கணும்.”

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: “என்னடா காலையிலேர்ந்து ஜன்னல் ஜன்னல்ங்கிறீங்க? இருக்கிற ஒரு ஜன்னலும் சாரலடிக்குதுன்னு மூடியில்ல வச்சிருக்கேன்.”

அப்படித் தொடங்கிய பேச்சு மூன்று நாள் ஓடியது. எந்த ஓ.எஸ். ஜன்னல்களை ஒழுங்காக மேய்க்கிறது என்பதுதான் வழக்கு. மேய்ப்பது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். என் பிழைப்பில் அவை ஆடுகள் மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீஸுக்குப் போகிற பாதையில் எனக்கு ஒரு சின்னக் கடை. மனு எழுதுவது, தட்டச்சு, ஜெராக்ஸ், மலையாளத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மொழிபெயர்ப்பு. இந்த ஊரில் இது தீராத வேலை. வீட்டிலும் வேலைக்காட்டிலும் தமிழ், ஆபீஸில் மலையாளம், பெரிய இடத்துக் காகிதம் வந்தால் ஆங்கிலம். 1956-ல் மாநில எல்லையைப் போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று பெரிய சண்டை நடந்து, கேரளத்தோடு நின்றுபோனது. அந்த எல்லைக்கோடு இன்றைக்கு என் திரையின் நடுவில் ஓடுகிறது: இடது பக்கம் மலையாள மூலம், வலது பக்கம் தமிழ்.

திரை என்னமோ பெரியது இல்லை. பழைய லேப்டாப், குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768. மேலே ஒரு பட்டை, அதற்குக் கீழே ஜன்னலின் தலைப்புப் பட்டை, பிறகு மெனு, பிறகு கருவிப் பட்டைகள் என்று ஆளாளுக்குப் பிடுங்கித் தின்றதுபோக எழுத்துக்கு மிஞ்சுவது ஐந்நூற்றுச் சொச்சம். அகலத்தைப் பாதியாக வெட்டினால் ஒரு பக்கத்துக்கு 683. அந்த அகலத்தில் ஒரு அரசாங்க இணையப் படிவத்தைத் திறந்தால் அது தன்னை செல்போன் என்று நினைத்துக்கொண்டு கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். அண்ணன் மகனின் ஆபீஸ் மேஜையில் இரண்டு பெரிய மானிட்டர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் இரண்டு சென்ட்காரனுக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதுபோலத்தான் அவன் எனக்குப் புத்தி சொன்னான்.

இருந்தாலும் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஜன்னலை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையை நிரப்பிக்கொள்ளும் வித்தை 2009-ல் விண்டோஸ் 7-ல் வந்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, பெரிதாக்கும் பொத்தான்மேல் அம்பைக் கொண்டுபோனாலே இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிக்கும் கட்டங்கள் விரிகின்றன. பார்த்ததும் புரிகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம். இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் முன்னாலும் மற்றவர்கள் பின்னாலும் என்பதுதான் உண்மை. மேக்கில் 2015-ல் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி வந்தது, அதுவும் முழுத்திரைக்குள் போனால்தான். சாதாரணமாக ஓரத்துக்கு இழுத்து ஒட்டுவதற்கு 2024-ல் செக்கோயா பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 7-லிருந்து எண்ணினால் பதினைந்து வருஷம். இதைச் சொன்னபோது தங்கச்சி மகள், “அதுக்குத்தான் தனியா ஆப் இருந்துச்சே” என்றாள். குடை இல்லாத வீட்டில், பக்கத்து வீட்டில் குடை இருக்கிறதே என்று சொல்வதுபோல இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வெட்டி ஒட்டுவது புதுசே இல்லை. 1985 நவம்பரில் வெளிவந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே முடியாது. தரையில் ஓடு பதித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். அதற்கு முன் 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி விற்ற ஸ்டார் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் அப்படித்தான். 1987-ல் விண்டோஸ் 2.0 வந்தபோதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடுத்த வருஷமே ஆப்பிள் வழக்குப் போட்டது. எங்கள் மெக்கின்டாஷின் தோற்றத்தைத் திருடிவிட்டார்கள் என்று 189 அம்சங்களைப் பட்டியலிட்டது, அதில் மேலேறும் ஜன்னலும் உண்டு. 1994-ல் மேல்முறையீட்டிலும் ஆப்பிள் தோற்றது. ஆக, இன்றைக்கு நாம் பழைய முறை என்று நினைக்கிற பரப்பிப்போட்ட மேஜைக்காகத்தான் அன்றைக்குக் கோர்ட்டு ஏறினார்கள். இப்போது எல்லோரும் 1985-ன் ஓட்டுத்தரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆப்பிள்காரர்களுக்கு அந்த மேஜை கிடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1979-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் கூட்டத்தோடு ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போன பில் அட்கின்சன், அங்கே பாதி மறைந்து கிடக்கும் ஜன்னல்களும் தெரிகிற பகுதியை மட்டும் தாமாகவே புதுப்பித்து வரைந்துகொள்வதைப் பார்த்ததாக நம்பிவிட்டார். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று திரும்பிவந்து மண்டையை உடைத்துக்கொண்டு அதைச் செய்தும்விட்டார். பிற்பாடுதான் தெரிந்தது, ஜெராக்ஸ்காரர்களிடம் அந்த வித்தையே இல்லை. இல்லாத ஒன்றைக் கண்ணால் கண்டு, அதைப் பார்த்துக் காப்பியடித்துக் கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன். எங்கள் பக்கத்தில் யானை வருகிறது என்று நினைத்து ஓடி, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கதை ஒன்று உண்டு. அதைவிட இது மேல்.

சரி, மேக்குக்கு வருகிறேன். தங்கச்சி மகள் டிசைன் வேலை செய்கிறவள். அவள் கை வேகத்தைப் பார்த்தால் அந்தக் கருவி அவள் கையோடு பிறந்ததுபோல இருக்கிறது. மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் அத்தனையும் சிறிதாகி, ஒன்றையொன்று மறைக்காமல் பரப்பி நிற்கின்றன. 2003-லேயே எக்ஸ்போஸே என்ற பெயரில் மேக்கில் வந்த இந்தச் சங்கதியைப் பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அழகு. இதில் மறுபேச்சில்லை.

ஆனால் என் மனுவை அவள் மேக்கில் தட்டிப் பார்த்தபோது ஒரு இடத்தில் மாட்டியது. எனக்கு எப்போதும் ஒரே செயலியில் இரண்டு கோப்பு திறந்திருக்கும்: மூலம் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையே நான் ஒரு நாளைக்கு நூறு இருநூறு தடவை தாவுகிறவன். மேக்கில் கமாண்டும் டாபும் அமுக்கினால் அது செயலி விட்டுச் செயலிக்குத்தான் தாவும், ஜன்னல் விட்டு ஜன்னலுக்கு அல்ல. ஒரே செயலியின் இரண்டு ஜன்னலுக்கு நடுவே தாவ வேறு ஒரு சாவி. மூளையில் ‘அந்தக் காகிதம்’ என்று இருப்பதை, ‘அந்தச் செயலி, அதற்குள் அந்தக் காகிதம்’ என்று அவிழ்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. படம் வரைகிற செயலி ஒன்று, மெயில் ஒன்று, பிரவுசர் ஒன்று என்று வேலை செய்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். விண்டோஸில் ஆல்ட்டும் டாபும் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனி ஆளாக மதிக்கிறது, கடைசியாகத் தொட்டதை முதலில் நிறுத்துகிறது. என் வேலைக்கு அதுதான் தோது. மேக்கைப் பின்பற்றிய பாவத்தில், லினக்ஸில் எனக்கு ஜன்னல் மேய்க்கும் க்னோமும் இயல்பாகச் செயலிகளைத்தான் காட்டுகிறது. நல்லவேளையாக அமைப்பில் ஒரே ஒரு இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். நான் லினக்ஸுக்கு வந்த முதல் வாரம் செய்த முதல் வேலை அது.

லினக்ஸுக்கு நான் வந்ததுகூடக் கொள்கையால் இல்லை, மகளால். கேரளத்தில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் என்றால் அது லினக்ஸ்தான். 2001-ல் ஐ.டி.@ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே முழுக்கச் சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமாகி, உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஐ.சி.டி. பாடப்புத்தகம் தமிழிலும் வருகிறது. எங்கள் ஊர்த் தமிழ்வழிப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். பணக்கார நாடுகளிலேயே பலர் பெயர் மட்டும் கேள்விப்பட்ட ஒரு ஓ.எஸ்.ஸில், கொழுந்தெடுக்கிற வீட்டுப் பிள்ளை படம் வரைகிறது, கணக்குப் போடுகிறது, நிரல் எழுதுகிறது. இதைப் பற்றி நாம் பேசிக்கொள்வதே இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. 2020-ல் பள்ளிக்கூடம் மூடி, ஜூன் முதல் தேதி விக்டர்ஸ் சேனலில் பாடம் தொடங்கியபோது மகள் அஞ்சாங்கிளாஸ். வீட்டில் டிவி, அதுவிட்டால் போன். போனில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜன்னல் என்ற சமாசாரமே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பிறகு பள்ளிக்கூடத்து லேபில் முதன்முதலாக ஒன்றின் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டபோது, “அப்பா, பின்னாடி இருக்கிறதும் ஓடிக்கிட்டே இருக்கு” என்று வந்து சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அட்கின்சன் எதற்காகத் தலையை உடைத்துக்கொண்டாரோ, அதே ஆச்சரியம்.

க்னோமின் மேய்ப்பைப் பற்றி எனக்கு ஒரே கருத்து இல்லை. 2011 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பு வந்தபோது, ஜன்னலைச் சுருக்கும் பொத்தானையும் பெரிதாக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டு, மூடும் பொத்தானை மட்டும் விட்டுவைத்தார்கள். கீழே பட்டையே இல்லையே, சுருக்கினால் எங்கே போய் உட்காரும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி. ஆனால் பல வருஷப் பழக்கத்தை ஒரு வாதத்தால் பிடுங்க முடியுமா? லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த வருஷம் வெளிப்படையாகத் திட்டிவிட்டு வேறு மேஜைக்குப் போனார். உபுண்டு இன்னொரு கூத்து: 2010-ல் பொத்தான்களை ஜன்னலின் வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு மாற்றியது, 2017 அக்டோபரில் மறுபடி வலதுக்கே கொண்டுவந்தது. வாசற்படியை ஏழு வருஷம் பின்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, சரி முன்பக்கமே இருக்கட்டும் என்று சொன்ன கொத்தனார் மாதிரி.

ஆனால் மகள் அன்றைக்கு ஒரு வித்தை காட்டினாள். என் சின்னத் திரையின் நிரந்தரத் தொல்லை: சில அமைப்புப் பெட்டிகள் திரையைவிட உயரமாகத் திறக்கும். ‘சரி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே, பாதாளத்தில் இருக்கும். தலைப்புப் பட்டையைப் பிடித்து மேலே தள்ளினால் ஒரு எல்லைக்கு மேல் போகாது. இத்தனை வருஷமாக நான் டாபைத் தட்டிக் குத்துமதிப்பாக என்டர் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் சூப்பர் சாவியை, அதாவது விண்டோஸ் பட்டனை, அமுக்கிக்கொண்டு ஜன்னலின் நடுவயிற்றைப் பிடித்து இழுத்தாள். முழு ஜன்னலும் திரைக்கு மேலே ஏறிப் போய், கீழே ‘சரி’ வந்து நின்றது. அண்ணன் மகன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, விண்டோஸில் ஆல்ட்டும் ஸ்பேஸும் அமுக்கி, எம் அடித்து, அம்புச் சாவியால் நகர்த்தலாம் என்றான். நகர்த்தலாம். ஆடு தொழுவத்துக்கு வர மூன்று சடங்கு.

இன்னொரு சின்ன விஷயம், என் மாதிரி ஆட்களுக்குப் பெரிய விஷயம். தமிழ் ஜன்னலில் தட்டிக்கொண்டிருக்கும்போதே, மவுஸை மலையாள மூலத்தின் மேல் வைத்துச் சக்கரத்தை உருட்டினால் அது உருள வேண்டும். அங்கே போய்ச் சொடுக்கினால் எழுதும் இடம் போய்விடும், திரும்பிவர இன்னொரு சொடுக்கு. மேக்கிலும் லினக்ஸிலும் இது வெகு காலமாக உண்டு. விண்டோஸில் 2015-ல், பத்தாம் பதிப்பில்தான் வந்தது. இதையெல்லாம் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை.

அவர்கள் தொடாத இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி: எந்த ஜன்னலில் எந்த மொழி என்று அது நினைவில் வைத்துக்கொள்கிறதா?

மலையாளத்துக்கு இங்கே பள்ளியிலிருந்தே இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைதான். தமிழுக்கு நான் தமிழ்99. இன்ஸ்கிரிப்டில் ஆங்கில ‘கே’ சாவி இருக்கும் இடத்தைத் தட்டினால் ‘க’ வரும். தமிழ்99-ல் அதே சாவிக்கு ‘ம’. ‘க’ வேண்டுமென்றால் ‘எச்’ சாவிக்குப் போக வேண்டும். என் விரல்களுக்கு இரண்டும் தெரியும். ஆனால் விரலுக்குத் தெரிவது, மலையாள ஜன்னலைப் பார்த்தால் மலையாளம், தமிழ் ஜன்னலைப் பார்த்தால் தமிழ் என்றுதான். ஜன்னல் மாறியும் மொழி மாறாவிட்டால் ஆளின் பெயர் ஒரு மந்திரம் மாதிரி வந்து நிற்கும். ஒரு வருமானச் சான்றிதழ் மனுவில் ஒருவரின் வீட்டுப் பெயரை அப்படி நான் கந்தரகோலம் செய்து, அச்செடுத்துக் கையில் கொடுத்தும் விட்டேன். நல்லவேளை, அவர் மகள் படித்துப் பார்த்துவிட்டுப் படியிலிருந்தே திரும்பி வந்தாள்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி என்ற இந்த வசதி விண்டோஸ் 7 வரை இயல்பாகவே இருந்தது. எட்டிலிருந்து எல்லா ஜன்னலுக்கும் ஒரே மொழி என்று ஆக்கிவிட்டு, பழையபடி வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய்த் தேடிக்கொள் என்றார்கள். மேக்கில் ஆவணத்துக்கு ஏற்ப மொழியைத் தானே மாற்றும் ஒரு தேர்வு உண்டு. க்னோமில் விசைப்பலகை அமைப்பில், ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனி என்று ஒரு வட்டத்தைத் தொட்டால் போதும். மூன்றிலும் இருக்கிறது, மூன்றிலும் ஒளிந்திருக்கிறது. ஒரே மொழியில் வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் செய்த பொருள் என்று இதில்தான் தெரிகிறது. இரண்டு மொழிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இதை வாசலிலேயே வைத்திருப்பார்.

இதிலும் ஒரு கண்ணி. பிரவுசரில் பத்து தாவல் திறந்தாலும் ஓ.எஸ்.ஸின் கணக்கில் அது ஒரே ஜன்னல், ஒரே மொழி. அதனால் மலையாளப் படிவம் இருக்கும் தாவலைப் பிடித்து வெளியே இழுத்துத் தனி ஜன்னலாக்கிக்கொள்வேன். தங்கச்சி மகள் இதைக் குறித்துக்கொண்டாள். மூன்று நாள் வழக்கில் என் பக்கம் விழுந்த ஒரே புள்ளி.

நடுவில் ஒரு சொல் வந்துவிட்டது, சொல்லாமல் போக மனமில்லை. ஜன்னல் என்பது போர்த்துக்கீசியரின் ஜனேலா. மலையாளத்துக்கும் அங்கிருந்துதான் வந்தது, ஜனல் என்கிறார்கள். கணித்தமிழில் சாளரம் என்று எழுதுகிறோம், யாரும் சொல்வதில்லை. பழைய தமிழில் காலதர் என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் விண்டோவோ பழைய நார்வே பக்கத்தவர்களின் ‘காற்றின் கண்’. இரண்டு பேரும் காற்றைத்தான் நினைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர்க்காரர்கள் மட்டும் பார்ப்பதை நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்டு போனது. அதில்தான் வழக்கு திசை மாறியது.

அவர்கள் இரண்டு பேர் லேப்டாப்பும் பேட்டரியில் நின்றன. என்னுடையது பேட்டரி செத்துப்போன பழசு, அப்படியே அணைந்தது. அறை இருட்டு. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதையும் தடவாமல், சாமி படத்துக்குக் கீழே இருந்த தீப்பெட்டியையும் டிரங்குப் பெட்டி மேல் இருந்த விளக்கையும் எடுத்து ஏற்றினார். இது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அந்த அறையில் எட்டு பேர் வளர்ந்தோம். அண்ணி இன்னும் எஸ்டேட்டில் பேர் வைத்திருப்பதால் வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. பகலில் பாய் சுருட்டி மூலையில், ராத்திரி விரித்தால் அதுவே படுக்கையறை. பள்ளிக்கூடப் பை ஆணியில். இடுப்பில் கட்டும் தார்ப்பாய்த் துண்டு கதவுக்குப் பின்னால். மழைக்காலத்தில் துணி காயும் கொடி அடுப்புக்கு மேல். ஒரே இடம் நாளைக்கு நாலு வேஷம் போடும், ஆனால் ஒரு சாமான் இடம் மாறினால் அன்றைக்குப் பெரிய ரகளை.

கரண்டு வந்ததும் என் லேப்டாப்பைப் போட்டேன். திரை துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. லிப்ரே ஆபீஸ் கோப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது, அது அதன் புண்ணியம். ஆனால் இரண்டாம் பணிவெளியில் (வொர்க்ஸ்பேஸில்) இருந்த மலையாளப் படிவம், முதல் பணிவெளியில் இடதுபக்கம் இருந்த மூலம், ஓரத்தில் இருந்த அகராதி எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நாலு தடவைகூடக் கரண்டு போகும்.

“இதுக்கு உங்க மூணு பேர் கட்சியிலும் என்ன பதில்?” என்று கேட்டேன்.

மேக் 2011-லிருந்தே, மறுபடி நுழையும்போது பழைய ஜன்னல்களைத் திறந்து வைக்கப் பார்க்கிறது. இந்த விஷயத்தில் மேக் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் 11, வெளி மானிட்டரைக் கழற்றி மாட்டினால் ஜன்னல்களைப் பழைய இடத்தில் வைக்கிறது. முழுக்க அணைந்து எழுந்தால் சில செயலிகள் திரும்பும், இடம் திரும்புவது அந்தந்தச் செயலியின் மனசைப் பொறுத்தது. லினக்ஸின் பதில்தான் விசித்திரம். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் என்ற பழைய ஏற்பாட்டில், எந்த ஜன்னலையும் யாரும் எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். திருட்டுக்கும் வழி, வசதிக்கும் வழி. அதன் இடத்துக்கு வந்திருக்கும் வேலண்டில், ஒரு செயலி தன் ஜன்னல் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் முடியாது, இங்கே வை என்று கேட்கவும் முடியாது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் தான் இருந்த இடமே தெரியாதவன் எப்படித் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவான்?

கலிபோர்னியாவில் உட்கார்ந்து ஜன்னல் மேய்ப்பை யோசிக்கிறவருக்கு, கம்ப்யூட்டர் அணையும் என்பதே அபூர்வமான சம்பவம். மூடியைச் சாத்துவார், திறப்பார். அவர் பட்டியலில் இது கடைசி. என் பட்டியலில் இதுதான் முதல், மொழி இரண்டாவது. பிரித்து ஒட்டுகிற கட்டங்கள் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் வைத்த இடத்தை ஒரு ஓ.எஸ். மதிக்கிறதா, தானாக எதையாவது மேலே கொண்டுவந்து திணிக்கிறதா, அவ்வளவுதான் என் கேள்வி. திணிப்பதற்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒருமுறை மனு தட்டிக்கொண்டிருக்கையில் ஏதோ ஒரு பிரிண்டர் மென்பொருள் ‘இப்போதே மறுபடி தொடங்கவா’ என்று நடுவில் எழும்ப, வரி முடிந்து நான் அடித்த என்டர் அதற்குப் போய் விழுந்தது. கம்ப்யூட்டர் பணிவோடு அணைந்தது. எதிரில் நின்ற பெரியவர், “கரண்டு போயிருச்சா தம்பி?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் மகன் விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், சூப்பர் சாவி இழுப்பை விட மனமில்லை. அப்படியென்றால் இதையாவது செய்கிறேன் என்று, நுழையும் திரையில் பல்சக்கரத்தைத் தொட்டு எக்ஸ் வழியைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினான். கம்ப்யூட்டர் எழுந்ததும் அது மூலத்தை இடதிலும் தமிழை வலதிலும் வைக்கும், படிவத்தை இரண்டாம் பணிவெளிக்கு அனுப்பும், அகராதியை மூன்றாவதில் போடும். கிளம்புகிற அன்று காலையில் மழையோடு இரண்டு தடவை கரண்டு போய் வந்தது. இரண்டு தடவையும் எல்லாம் இடத்தில் வந்து நின்றன. பெங்களூர்க்காரியே கை தட்டினாள்.

பஸ் ஏறும்போதுதான் சொன்னான்: “சித்தப்பா, 2025 அக்டோபர் உபுண்டுலேர்ந்து க்னோமுக்கு இந்த எக்ஸ் வழி கிடையாது. உங்களுது 22.04, 2027 ஏப்ரல் வரைக்கும் ஓடும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்குள்ள உங்க லேப்டாப்பே போயிடும்.”